கைபேசியில் ஒரு நடுகல்: ஸ்கேன் தவறும் இடங்களும் திருத்தும் வழிகளும்

கல்வெட்டின் எழுத்தைத் தாளில் மையால் பிரதியெடுக்கும் மைப்படி வேலையை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு உழைப்பு என்பது தெரியும். கல்லைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஈரத்தாளைப் படியவைத்து, தூரிகையால் அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். பிறகு மை ஒற்ற வேண்டும். 1886-இல் ஹுல்ட்ஸ் சென்னை மாகாணத்தின் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்ற காலம் தொட்டு, நம் கல்வெட்டுகளில் பெரும்பகுதி அச்சுக்கு வந்தது இந்த வழியாகத்தான். உறுதியான கருங்கல் அந்த அடியைத் தாங்கும். ஏரிக்கரையில் சாய்ந்து கிடந்து, வெயிலிலும் மழையிலும் தோல் பொரிந்துபோன நடுகல் தாங்காது. அதைத் தொடாமல்தான் பதிவு செய்ய வேண்டும். சாதாரணக் கைபேசி அதற்குப் போதும்.

வழிகள் இரண்டு. கல்லின் முன் நகர்ந்து நகர்ந்து பல படங்கள் எடுத்து, அவற்றிலிருந்து மென்பொருளைக் கொண்டு முப்பரிமாண மாதிரியைக் கட்டுவது ஒன்று. இதைப் போட்டோகிராமெட்ரி என்பார்கள். கைபேசியை அசையாமல் நிறுத்தி, விளக்கை மட்டும் இடம் மாற்றி மாற்றிப் படம் எடுத்து, பிறகு கணினியில் எந்தப் பக்கமிருந்து வேண்டுமானாலும் ஒளியைப் பாய்ச்சிப் பார்ப்பது மற்றொன்று. இதற்கு ஆர்.டி.ஐ. (ரிஃப்ளெக்டன்ஸ் டிரான்ஸ்ஃபர்மேஷன் இமேஜிங்) என்று பெயர். எச்.பி. ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டரும் உடன் பணியாற்றியவர்களும் 2001-இல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது இது. 2005-இல் ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஆன்டிகித்தெரா பொறி என்ற பழங்கிரேக்க வானியல் கருவியின் தேய்ந்த எழுத்துகளைப் படிக்க அவர்கள் இதே முறையைக் கொண்டுசென்றார்கள். படங்களிலிருந்து மாதிரியைக் கட்ட மெஷ்ரூம், கோல்மேப், கட்டிய மாதிரியைப் பார்க்கவும் ஒப்பிடவும் மெஷ்லேப், கிளவுட்கம்பேர், ஆர்.டி.ஐ.க்கு ரீலைட் என்று இரண்டு வழிக்கும் தேவையான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

கோளாறு தெரியவருவது வீட்டில், கணினியின் முன். அது பிறந்த இடம் பெரும்பாலும் கல்லின் முன். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும், வீட்டுக்கு வந்துவிட்ட பிறகு என்ன செய்யலாம் என்பதோடு, அடுத்த முறை கல்லின் முன் நின்று என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் முன் ஒன்று. படம் நன்றாக விழ வேண்டும் என்பதற்காகக் கல்லில் சுண்ணக்கட்டியோ மாவோ எண்ணெயோ தேய்க்காதீர்கள். பாசியைச் சுரண்டாதீர்கள். சுண்ணக்கட்டியின் தூள் கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும். பாசியோடு கல்லின் மேல்தோலும் உரிந்து வரும். அதோடு, கோடு போட்டவர் எதை எழுத்து என்று நினைத்தாரோ அதுதான் பிறகு வருபவர் கண்ணிலும் படும். மாதிரி மோசமாக வந்தால் மறுபடி எடுக்கலாம். கல் ஒன்றுதான் இருக்கிறது.

மென்பொருள் பாதிப் படங்களைத் தள்ளிவிடுகிறது, அல்லது கல் இரண்டு துண்டாக வருகிறது

முதலில் படங்கள் எந்த வழியாகக் கணினிக்கு வந்தன என்று பாருங்கள். உடன் வந்தவரின் கைபேசியிலிருந்து வாட்ஸ்அப்பில் வாங்கியிருந்தால் காரணம் அதுவாகவே இருக்கலாம். படமாக அனுப்பும்போது அது படத்தைச் சுருக்கிவிடும். எந்த லென்ஸ், எவ்வளவு குவியத்தூரம் என்று படத்துக்குள் பதிந்திருக்கும் குறிப்பையும் நீக்கிவிடும். அந்தக் குறிப்பு இல்லாமல் மென்பொருள் லென்ஸை ஊகிக்க வேண்டியிருக்கிறது. கேபிள் மூலம் மூலக்கோப்பையே எடுங்கள், அல்லது ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்து லென்ஸ். பின்பக்கம் மூன்று கண் உள்ள கைபேசிகளில் சில, பொருளுக்கு மிக அருகில் போனதும் நம்மைக் கேட்காமல் அகலக்கோண லென்ஸுக்குத் தாவிவிடும். திரையில் படம் இலேசாகத் துள்ளுவதுதான் அடையாளம். படங்களின் விவரக்குறிப்பில் குவியத்தூரம் மாறியிருந்தால் வெவ்வேறு லென்ஸ் படங்களைத் தனித்தனிக் குழுவாகப் பிரித்து மென்பொருளில் ஏற்றுங்கள். அடுத்த முறை தானியங்கி மேக்ரோவை அணைத்துவிட்டு, முதன்மை லென்ஸை மட்டும் பயன்படுத்துங்கள். ஜூம் செய்யவே கூடாது.

இவை இரண்டும் இல்லையென்றால் படங்களுக்கு இடையே பொதுப்பகுதி போதவில்லை. அடுத்தடுத்த இரு படங்களில் முக்கால் பங்காவது ஒன்றாக இருக்க வேண்டும். கல்லின் ஒவ்வொரு இடமும் குறைந்தது மூன்று படங்களில் விழ வேண்டும். நின்ற இடத்திலிருந்தே கையை மட்டும் திருப்பி எடுத்த படங்கள் இதற்கு உதவாது. கோணம் மாறினாலும் நிற்கும் இடம் மாறாததால் ஆழம் கிடைக்காது. காலை நகர்த்த வேண்டும். நடுகல்லின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குத் திரும்பும் விளிம்பில்தான் மாதிரி வழக்கமாக உடைகிறது. அந்த ஓரத்தில் மட்டும் பத்துப் பதினைந்து டிகிரிக்கு ஒரு படம் என்று நெருக்கமாக எடுங்கள்.

சுண்ணாம்பு பூசிய சுவர் இவற்றுக்கெல்லாம் விலக்கு. அங்கே மென்பொருள் பற்றிக்கொள்ள ஒரு புள்ளியும் இருக்காது. சுவரைத் தொடாமல், அருகே தரையிலோ பக்கத்திலோ செய்தித்தாளை விரித்து வைத்து அதையும் சேர்த்து எடுத்தால் படங்களாவது ஒன்றோடொன்று இணையும்.

நேரான கல் கிண்ணம்போல் வளைந்து நிற்கிறது

இது மிகவும் ஏமாற்றக்கூடிய கோளாறு. மாதிரி அழகாக இருக்கும். எழுத்துகூடத் தெளிவாக இருக்கும். பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால்தான் பலகைபோன்ற கல், நடுவில் உப்பியோ குழிந்தோ தெரியும். செங்கம் பக்கத்தில் ஒரு நடுகல்லை முதன்முதலாக எடுத்தபோது எனக்கு இதுதான் நேர்ந்தது. கல்லே அப்படித்தான் போலும் என்று நம்பி, வளைவைப் பற்றி ஒரு பத்தி குறிப்பும் எழுதிவிட்டேன். மீண்டும் போய் ஒரு நேரான மூங்கில் குச்சியைக் கல்லின் மேல் படாமல் பிடித்துப் பார்த்தபோதுதான் கல் நேராகவே இருந்தது தெரிந்தது.

காரணம் இதுதான். எல்லாப் படங்களையும் கல்லுக்கு நேர் எதிரே, ஒரே தூரத்தில், ஒரே திசையைப் பார்த்து வரிசையாக எடுத்தால், லென்ஸின் ஓரங்களில் இருக்கும் வளைவையும் கல்லின் வளைவையும் மென்பொருளால் பிரித்தறிய முடியாது. லென்ஸின் பிழையில் ஒரு சிறு பகுதியைக் கல்லின் கணக்கில் எழுதிவிடும். அந்தச் சிறு பகுதி, படத்துக்குப் படம் சேர்ந்து, கல்லின் முழு நீளத்துக்கும் வளைவாக வளரும்.

மருந்து எளியது. நேர்ப்படங்களின் வரிசை முடிந்ததும், இடப்பக்கம், வலப்பக்கம், மேலிருந்து, கீழிருந்து என்று கல்லின் நடுவை நோக்கிச் சாய்த்து ஒரு சுற்று எடுங்கள். சாய்வு 20 முதல் 30 டிகிரி இருந்தால் நல்லது. பிறகு கைபேசியைக் கிடைமட்டத்திலிருந்து செங்குத்தாகத் திருப்பி, நேரெதிரே ஐந்தாறு படங்கள். இந்தக் கூடுதல் படங்களுக்கு ஐந்து நிமிடம் ஆகாது. லென்ஸின் வளைவை மென்பொருள் சரியாகக் கண்டுபிடிக்க உதவுபவை இவைதான்.

வீட்டுக்கு வந்துவிட்டீர்களா? அதே கைபேசியில், அதே லென்ஸில் நன்றாக எடுத்த வேறொரு தொகுப்பு இருந்தால் அதில் கிடைத்த லென்ஸ் அளவுகளை எடுத்து, இந்தத் தொகுப்பில் மாறாமல் நிறுத்திவைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். வளைவு கணிசமாகக் குறையும். முழுவதும் போய்விட்டது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

மேற்பரப்பு சாத்துக்குடித் தோல்போலப் பொரிபொரியாக இருக்கிறது

வெளிச்சம் போதவில்லை. மண்டபத்தின் உட்பகுதியில், மாலை நேரத்தில், கைபேசி தன் உணர்திறனை (ஐ.எஸ்.ஓ.) ஏற்றி ஈடுகட்டும். அப்போது படத்தில் வரும் மணல்மணலான இரைச்சலை மென்பொருள் கல்லின் மேடுபள்ளமாக எடுத்துக்கொள்ளும். இன்னொரு காரணம், இக்காலக் கைபேசிகள் படத்தை அழகுபடுத்தும் விதம். ஒரே அழுத்தலில் பல படங்களை எடுத்து அடுக்கி, இரைச்சலைத் துடைத்து, விளிம்புகளைக் கூராக்கித் தருகின்றன. கண்ணுக்கு நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் கூர்மை ஒவ்வொரு படத்திலும் சற்றே வேறு மாதிரி விழுவதால் அளவெடுப்புக்கு ஆகாது.

கைமுறை வசதி உள்ள கேமரா செயலியில் உணர்திறனை 100-லோ அதற்கு அருகிலோ நிறுத்துங்கள். குவியம், வெளிச்சம், வெண்மைச் சமன் மூன்றையும் பூட்டுங்கள். இரவுப் பாங்கு, அழகூட்டல், எச்.டி.ஆர். எல்லாவற்றையும் அணையுங்கள். வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் நேரம் நீளும், கை நடுங்கும். அதனால் டிரைபாடும் நேரம்குறித்து இயங்கும் ஷட்டரும் வேண்டும்.

வீட்டில் இருந்தபடி பொரிகளைத் தேய்த்து வழவழப்பாக்கும் வசதி மெஷ்லேப்பில் இருக்கிறது. அதைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள். தேய்க்கும்போது எழுத்தின் கூரும் போய்விடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. பழங்கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது அரிது. பொரிந்த மாதிரியில் ஓர் எழுத்தின் தலைமேல் ஒரு குழி தெரிந்தால் அதைப் புள்ளி என்று கொண்டாடுவதற்கு முன், அந்தக் குழி இருக்கும் இடத்தை நான்கைந்து மூலப்படங்களில் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாவற்றிலும் அது இருக்க வேண்டும்.

மாதிரி அருமையாக வந்திருக்கிறது, எழுத்தை மட்டும் காணவில்லை

இந்த அறிகுறிக்குப் பின்னால் இரண்டு வேறு நோய்கள் இருக்கலாம். எழுத்து மாதிரியில் இருந்தும் கண்ணுக்குப் படாமல் இருக்கலாம். பதிவாகாமலே போயிருக்கலாம்.

முதலில் வண்ணத்தை அணைத்துவிடுங்கள். கல்லின் கறை, பாசி, மஞ்சள் பூச்சு எல்லாம் சேர்ந்து மேடுபள்ளத்தை மறைத்திருக்கும். வண்ணம் போய்ச் சாம்பல் நிறக் களிமண்போல மாதிரி நிற்கும்போது, மெஷ்லேப்பில் ஒளியைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பாருங்கள். அதிகாலை வெயில் கல்வெட்டின் மேல் சாய்ந்து விழும்போது நம் முன்னோடிகள் எழுத்தைப் படித்தார்களே, அதே வேலைதான். பள்ளங்களை இருட்டாக்கிக் காட்டும் வசதிகளும் அதில் உண்டு. ரேடியன்ஸ் ஸ்கேலிங் என்ற காட்சிமுறை தேய்ந்த கோடுகளை நன்றாக எழுப்பிக் காட்டும்.

அதிலும் தெரியவில்லையென்றால் ஆழத்தை நிறமாக்கும் முறை. எனக்கு மிகவும் பிடித்தது இது. கல் தட்டையாக இருந்தால் கிளவுட்கம்பேரில் அதற்கு ஒரு சமதளத்தைப் பொருத்தி, ஒவ்வொரு புள்ளியும் அந்தத் தளத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை நிறமாகத் தீட்டச் சொல்லுங்கள். கல் வளைந்திருந்தால் மாதிரியின் பிரதியொன்றை எடுத்து, எழுத்தே இல்லாமல் போகும்வரை வழவழப்பாக்குங்கள். பிறகு மூலத்துக்கும் அந்தப் பிரதிக்கும் இடையே உள்ள வேறுபாட்டைத் தீட்டுங்கள். கல்லின் பெரிய வளைவுகள் கழிந்து, உளி பட்ட பள்ளம் மட்டும் மிஞ்சும். கண்ணுக்கே தெரியாத ஒரு வரி திரையில் நீலமாக எழுந்து வரும் அந்தக் கணம், பல மணி நேர வெயிலுக்கும் ஈடாகும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒன்றுமில்லையென்றால் எழுத்து பதிவாகவே இல்லை. எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தீர்கள் என்று கணக்குப் போடுங்கள். 12 மெகாபிக்சல் படம் என்பது 4000-க்கு 3000 புள்ளிகள். கைபேசியின் வழக்கமான முதன்மை லென்ஸ் 50 செ.மீ. தூரத்தில் ஏறத்தாழ 65 செ.மீ. அகலத்தைப் பார்க்கும். அப்படியானால் ஒரு புள்ளிக்கு 0.16 மி.மீ. அதே லென்ஸ் 2 மீட்டர் தூரத்தில் புள்ளிக்கு 0.65 மி.மீ. தேய்ந்துபோய் அரை மி.மீ. ஆழமே மிஞ்சியிருக்கும் எழுத்து இரண்டாவதில் எப்படி விழும்? முழுக் கல்லையும் ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஒரு சுற்று, எழுத்துப் பகுதியை மட்டும் 40 அல்லது 50 செ.மீ. தூரத்தில் ஒரு சுற்று, இரண்டுக்கும் நடுவே பாலமாகச் சில படங்கள் என்று எடுங்கள்.

லேசர் ஒளியை அனுப்பித் தூரத்தை அளக்கும் லைடார் உணர்வி உள்ள விலையுயர்ந்த கைபேசி இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 2020 முதல் ஐபோன் ப்ரோ வகைகளில் அது இருக்கிறது. மண்டபத்தின் அமைப்பை, கல் நிற்கும் இடத்தை விரைவாகப் பதிய அது நல்ல கருவி. எழுத்துக்கு ஆகாது. அது காட்டும் விவரம் செ.மீ. அளவில் நின்றுவிடும். அதைவிட மலிவான கைபேசியில் பொறுமையாக எடுத்த படங்கள் பல மடங்கு நுட்பமானவை.

எழுத்து குழிவதற்குப் பதில் புடைத்துத் தெரிகிறது

மாதிரியில் பிழை இல்லை. ஒளி மேலிருந்து வருவதாகவே நம் கண் எண்ணிக்கொள்கிறது. கீழிருந்து ஒளி வந்தால் பள்ளம் மேடாகத் தெரியும். ஒளியை இடப்பக்க மேல்மூலைக்குக் கொண்டுபோங்கள். அச்சிடும் படங்களிலும் அப்படியே வையுங்கள்.

எண்ணெய் படிந்த சிலை ஓட்டை ஓட்டையாக வருகிறது

பளபளப்பு நீங்கள் நகரும்போதெல்லாம் தானும் நகரும். மென்பொருள் அதைக் கல்லின் ஓர் இடம் என்று நம்பித் துரத்திக் குழம்பும். ஈரக்கல்லும் இப்படியே. மழை நின்ற உடனே எடுக்காதீர்கள், உலரட்டும்.

சிலைக்கு நேர் வெயில் வேண்டாம். மேகம் மூடிய நாள், அல்லது வெள்ளை வேட்டியை இருவர் விரித்துப் பிடித்த நிழல் போதும். அதிலும் மினுங்கினால், ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் போலரைசர் தாள் வாங்குங்கள். விளக்கின் முன் ஒரு துண்டு, லென்ஸின் முன் ஒரு துண்டு. லென்ஸின் துண்டைத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு நிலையில் பளபளப்பு சட்டென்று அணையும். அந்த நிலையில் ஒட்டிவிடுங்கள். வேறு வெளிச்சம் ஏதும் சிலைமேல் படக்கூடாது. கல்லுக்கும், பச்சைக்களிம்பு ஏறிய செப்புத்திருமேனிக்கும் இது நன்றாக வேலை செய்யும். துலக்கிப் பளபளவென்று வைத்திருக்கும் உலோகத்துக்கு இது உதவாது. உலோகத்திலிருந்து வருவது முழுக்க அந்தப் பளபளப்புதான். அதை அணைத்தால் திருமேனியே கறுத்துவிடும். அங்கே பெரிய வெள்ளைத் துணியின் வழியாகப் பரவி வரும் மென்மையான ஒளியே துணை.

பளபளப்பை மறைக்கத் தெளிக்கும் வெள்ளைத் தூள் கடைகளில் கிடைக்கிறது. இயந்திர உதிரிபாகங்களுக்கு ஆனது. சிலைக்கு அருகில் கொண்டுபோகக் கூடாது.

ஆர்.டி.ஐ. கலங்கலாக வருகிறது, அல்லது ஒளி ஏறுமாறாகப் பாய்கிறது

கலங்கல் என்றால் கைபேசி அசைந்திருக்கிறது. திரையைத் தொட்டாலே அசையும். கம்பியில்லா ஷட்டர் பொத்தான் அல்லது காதொலிக் கருவியின் ஒலி பொத்தான் கொண்டு இயக்குங்கள். படங்களை வேகமாகப் புரட்டிப் பார்த்தால் எந்த இடத்தில் துள்ளியது என்று தெரியும். அதற்குப் பிந்தியவற்றை ஒதுக்கிவிட்டு மிஞ்சியதை ஓட்டுங்கள். 24 படங்களாவது தேறினால் பயன்படும். 40, 50 இருந்தால் நிறைவு.

ஒளி ஏறுமாறாகப் பாய்ந்தால் கோலிக்குண்டைப் பாருங்கள். ஆம், கோலிக்குண்டுதான். கல்லின் அருகே பளபளக்கும் கருப்பு உருண்டை ஒன்றை வைத்து எடுத்தால், அதன்மேல் விழும் ஒளிப்பொட்டின் இடத்தைக் கொண்டு விளக்கு எந்தத் திசையில் இருந்தது என்பதை மென்பொருள் கணக்கிடும். உருண்டை படத்தில் 200 புள்ளி அகலமாவது இருக்க வேண்டும். மிகச் சிறிதாக இருந்தாலோ, அதில் தெருவிளக்கும் டார்ச்சும் இரண்டு பொட்டாக விழுந்தாலோ கணக்கு பிசகும். இரண்டு உருண்டை வைப்பது நல்லது.

மூன்றாவது காரணம் விளக்கின் தூரம். ஒரு முறை அருகிலும் மறுமுறை தள்ளியும் பிடித்தால் வெளிச்சத்தின் அளவு மாறி மேற்பரப்பு தவறாகக் கணக்காகும். ஒரு நூலை எடுத்து, பதியும் பகுதியின் மூலைவிட்டத்தைப்போல் மூன்று மடங்கு நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை விளக்கில் கட்டுங்கள். மறுமுனையை உதவியாளர் ஒவ்வொரு முறையும் பதியும் பகுதியின் நடுவுக்கு நேராக, கல்லைத் தொடாமல் பிடித்துத் தூரம் பார்க்கட்டும். படம் எடுக்கும்போது நூலை விலக்கிவிடுங்கள். கல்லின் பரப்பிலிருந்து 15 டிகிரிக்குக் கீழே விளக்கு போனால் நிழல்தான் விழும். 65 டிகிரிக்கு மேல் போனால் மேடுபள்ளமே தெரியாது. அந்தி சாய்ந்த பிறகு, தெருவிளக்கு இல்லாத ஏரிக்கரை இதற்கு மிகப் பொருத்தமான இடம். பாம்புக்கும் பொருத்தமான இடமாகையால் தனியே போகாதீர்கள்.

அளவு சரியில்லை

படங்களிலிருந்து கட்டிய மாதிரிக்கு உருவம் உண்டு, அளவு கிடையாது. கல் ஒரு மீட்டரா ஓர் அங்குலமா என்று அதற்குத் தெரியாது. எழுத்துப் பகுதியை மறைக்காமல், கல்லின் இரு ஓரங்களில், நீளம் தெரிந்த இரண்டு அளவுகோல்கள் எல்லாச் சுற்றிலும் விழும்படி வையுங்கள். தையற்கடை நாடா வேண்டாம், அது நீளும். எஃகு அளவுகோல் நல்லது. மென்பொருளில் முதல் கோலின் நீளத்தை அளந்து, உண்மை நீளத்தை அதனால் வகுத்து, கிடைத்த எண்ணால் மாதிரி முழுவதையும் பெருக்குங்கள். பிறகு இரண்டாவது கோலை அளந்து பாருங்கள். 30 செ.மீ. கோல் 29.7 என்று காட்டினால் உங்கள் மாதிரியில் நூற்றுக்கு ஒரு பங்கு பிழை இருக்கிறது. அந்த எண்ணையும் குறிப்பில் எழுதுங்கள். கோலே வைக்காமல் வந்துவிட்டால், மறுமுறை போய்க் கல்லில் அடையாளம் தெரியும் இரு புள்ளிகளுக்கு இடையே அளந்து வந்தாலும் போதும்.

ஓராண்டில் கல் 2 மி.மீ. தேய்ந்ததாகக் காட்டுகிறது

பதறாதீர்கள், யாருக்கும் அறிவிக்கவும் வேண்டாம். பாதுகாப்புப் பணியில் ஸ்கேன் செய்வதன் உண்மையான பயன் இந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது. தவறாக எச்சரிக்கை மணி அடிக்கும் வாய்ப்பும் இங்கேதான் அதிகம்.

முதலில் உங்கள் முறையின் பிழை எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரே நாளில், ஒரே கல்லை இரண்டு முறை எடுங்கள். முதல் தொகுப்பு முடிந்ததும் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டு, கொஞ்சம் நடந்துவிட்டு வந்து, புதிதாகத் தொடங்குவதுபோல் இரண்டாவதை எடுங்கள். இரண்டு மாதிரிகளையும் கிளவுட்கம்பேரில் பொருத்தி வேறுபாட்டைப் பாருங்கள். கல் அந்த அரைமணி நேரத்தில் மாறியிருக்காது. ஆகவே தெரிவதெல்லாம் உங்கள் பிழை. அது அரை மி.மீ. என்றால், ஓராண்டு இடைவெளியில் தெரியும் அரை மி.மீ. மாற்றத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. இந்த இரட்டைப் பதிவு இல்லாத எந்தத் தேய்மானக் கணக்கையும் நான் ஏற்பதில்லை.

அடுத்து, வேறுபாட்டின் வடிவத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு நிறம், ஓரங்களில் மற்றொரு நிறம் என்று சீராக வட்டமிட்டுப் பரவியிருந்தால் அது முன்பு சொன்ன கிண்ண வளைவு. மாதிரி முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்த நிறம் என்றால் பொருத்தியதில் பிழை. உண்மையான இழப்பு திட்டுத்திட்டாக, விளிம்பு கூர்மையாகத் தெரியும், செதில் பெயர்ந்த இடம்போல.

பொருத்தும்போது கல் முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள். மென்பொருள் வேறுபாட்டைக் குறைக்கப் பார்க்கும். அதனால் உண்மையான இழப்பையும் கல் முழுவதும் பரப்பிக் கரைத்துவிடும். மாறியிருக்காது என்று நீங்கள் உறுதியாக நம்பும் பகுதிகளை மட்டும் கொண்டு பொருத்துங்கள். கரடுமுரடான பரப்பில் புள்ளிக்குப் புள்ளி தூரம் அளப்பதைவிட, 2013-இல் வெளிவந்த எம்3சி2 என்ற முறை நம்பகமானது. எவ்வளவு மாற்றம் என்பதோடு, அந்த இடத்தில் அதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லும். கிளவுட்கம்பேரிலேயே இருக்கிறது.

மென்பொருளுக்குத் தெரியாத காரணங்களும் உண்டு. செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் பல நடுகற்கள் இன்றும் வேடியப்பன் என்ற பெயரில் வழிபாட்டில் இருக்கின்றன. பொங்கலிட்ட பிறகு போனால் கல்லில் மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் ஏறியிருக்கும். கல் தடித்துவிட்டதாக மாதிரி சொல்லும். அதைக் கழுவ நமக்கு உரிமையில்லை. பூசை செய்பவரிடம் கேட்டு, பூச்சு குறைவாக இருக்கும் காலத்தைத் தெரிந்துகொண்டு, ஒவ்வோர் ஆண்டும் அதே காலத்தில் போங்கள்.

கணினி பாதியில் நின்றுவிடுகிறது

மெஷ்ரூமும் கோல்மேப்பும் அடர்த்தியான மாதிரியைக் கட்ட என்விடியா வரைகலை அட்டையைக் கேட்கும். சாதாரண மடிக்கணினியில் அது இருக்காது. படங்களை இணைக்கும் பகுதியை மட்டும் அதில் ஓட்டி, எல்லாப் படமும் சேர்ந்ததா என்று உறுதி செய்துகொண்டு, அடுத்த கட்டத்தை நண்பரின் கணினியிலோ கல்லூரி ஆய்வகத்திலோ செய்யலாம். நினைவகம் போதாமல் நின்றால் படத்தின் அளவைப் பாதியாக்கி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். படங்களை நீக்காதீர்கள்.

உள்ளே விட மறுக்கிறார்கள்

இதையும் கோளாறு என்றே சேர்க்கிறேன். பயணம் வீணாவது இதனால்தான் அதிகம். அறநிலையத்துறைக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்யுமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் டிரைபாடு வைக்கத் தனி அனுமதி வேண்டும். எழுத்துமூலம் விண்ணப்பித்து, தாளைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். ஊருக்குள் நிற்கும் நடுகல் என்றால் தாள் உதவாது. ஊர்ப் பெரியவரிடம் சொல்லி, எடுத்த படத்தை அங்கேயே காட்டுங்கள். அடுத்த முறை அவரே தண்ணீர்ச் செம்போடு வருவார்.

மாதிரி இருக்கிறது, எந்தக் கல் என்று தெரியவில்லை

ஒரே நாளில் நான்கு கல் எடுத்தால் மூன்றாம் மாதம் இந்த நிலை வரும். ஒவ்வொரு கல்லுக்கும் முதல் படமாக ஒரு தாளைப் படம் எடுங்கள். அதில் ஊர், கல்லின் அடையாளம், தேதி, நேரம், கைபேசியின் வகை, ஏறத்தாழ எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தீர்கள் என்பவற்றைப் பேனாவால் எழுதியிருக்க வேண்டும். கடைசிப் படமாகவும் அதே தாள்.

மாதிரியைவிட மூலப்படங்களே முக்கியம். இன்றைய மென்பொருள் தரும் மாதிரியைவிட நல்லதை இதே படங்களிலிருந்து நாளைய மென்பொருள் கட்டும். ஒரு செயலிக்குள் மட்டும் திறக்கும் கோப்பாக எதையும் விட்டுவைக்காதீர்கள். மாதிரியை பி.எல்.ஒய். அல்லது ஓ.பி.ஜே. வடிவில் சேமித்து, படங்களோடு இரண்டு வெவ்வேறு வட்டுகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜர் சிலை 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்ததற்கு, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பாதுகாத்து வைத்திருந்த பழைய ஒளிப்படங்கள் சான்றாக நின்றன.

திருடர்களுக்கு வழிகாட்டிவிடக் கூடாது என்பதற்காக, எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய சிலை என்றால், இணையத்தில் ஏற்றும் பிரதியிலிருந்து இருப்பிடக் குறிப்பை நீக்கிவிடுங்கள். ஊரின் பெயரும் வேண்டாம், வட்டத்தின் பெயர் போதும். முழுக் குறிப்பும் உள்ள மூலத்தின் ஒரு பிரதியை அந்த மாவட்டத் தொல்லியல் அலுவலரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.